சான்று இருந்தால் மை

சுகர் லேண்ட், டெக்சாஸ்
ஜனவரி 9, 2025

அன்புள்ள ருக்ஸானா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ, மச்சான், பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம்தானே? இங்கே ஃபைஸ், ஆஸிபா, நான் எல்லாரும் அல்லாஹ்வின் காவலில் நன்றாக இருக்கிறோம். வாப்பாவின் முழங்கால் மட்டும் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது.

என்ன இவள் பேப்பரில் எழுதுகிறாள் என்று பார்க்காதே. என் வாட்ஸ்அப்புக்கு வருவதெல்லாம் வாப்பா கையிலிருக்கும் ஐபேடில்தான் முதலில் விழுகிறது. போன் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் கடிதத்தில் வைத்துக்கொள்வோம். வீட்டு விலாசம் வேண்டாம், மெயில்பாக்ஸ் சாவி அவரிடம்தான். கவரின் பின்பக்கம் என் கிளினிக் விலாசம் இருக்கிறது.

வம்ச மரம் வரைகிறார் என்று சொன்னேனே, அது இப்போது சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்கப் படர்ந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர் சும்மா வரைவாரா? அதற்கு ஒரு விதியும் உண்டு. சான்று இருந்தால் மை. இல்லாவிட்டால் பென்சில். ஹஜ்ஜுப் பெருநாளைக்குள் முடித்து, அச்சடித்து, நாகூர், சிங்கப்பூர், பினாங்கு என்று எல்லா வீட்டுக்கும் அனுப்பப் போகிறாராம்.

நேற்று ஆஸிபா அதில் தன் பெயரைத் தேடினாள். உன் பிள்ளைகள் மையில். அவள் பென்சிலில். என்னைப் பார்த்து அவளும் அவரை வாப்பா என்றுதானே கூப்பிடுகிறாள். “வாப்பா, ஒய் ஆம் ஐ இன் பென்சில்?” என்று கேட்டாள். அவர் நிதானமாகச் சொன்னார்: “பென்சில்னா தப்பில்லம்மா. உம்மா உன்னை எடுத்து வளர்க்கிறா. அது ரொம்பப் பெரிய நன்மை. வம்சம் வேற.”

பதினொரு வயதுப் பிள்ளை. “ஓகே” என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு பார்த்தால், தன் பையிலிருந்த பேனாக்களையெல்லாம் எடுத்து அவர் மேஜையில் வைத்திருக்கிறாள்.

நம் மகள் என்று கோர்ட் கொடுத்த பேப்பரைக் காட்டிவிடு என்கிறார் ஃபைஸ். என் மகள் என் மகள்தான் என்பதற்கு என் வாப்பாவிடமே பேப்பர் காட்டணுமா? மாட்டேன்.

நீ ஒன்று செய். அவருடைய வாப்பாவுக்குப் பெற்றோர் பெயர் சொல்லும் பிறப்புச் சான்று இல்லை என்பதுதான் அவருக்குப் பெரிய குறை. இங்கிலாந்தில் பிறந்தவருக்கு நாகூரில் எங்கே சான்று கிடைக்கும்? நீ மருந்துக் கம்பெனியில் பேப்பர் சரிபார்க்கிறவள். தேடிக் கொடு. அந்தக் கோடு மையானால் மனசு கொஞ்சம் இளகும். அப்போது என் மகளைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன்.

துஆவுடன்,
உன் தங்கை ரஹ்மத்

*

வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி
ஜனவரி 21, 2025

அன்புத் தங்கை ரஹ்மத்துக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் பத்திரமாக வந்தது. இங்கே எல்லாரும் சுகம். வாப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, தைலம் மட்டும் போதாது.

ஆஸிபா பேனா வைத்ததைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. ஆனாலும் வாப்பாவைக் கொடுமைக்காரராக நினைக்காதே. அவருடைய புண் வேறு.

உனக்கும் தெரிந்த கதைதான். வாப்பாவின் பாட்டனார் சேகு மீரான் அப்பா கப்பலில் வேலை பார்த்து லிவர்பூல் போனார், எலன் என்ற பெண்ணை இஸ்லாத்தில் சேர்த்து நிக்காஹ் செய்தார், எலன் இறந்ததும் ஆல்ஃபி என்ற பச்சைக்கண் பையனை நாகூருக்குக் கொண்டுவந்து அப்துல் கரீம் என்று பெயர் வைத்தார். அந்தக் கரீமின் மகன் நம் வாப்பா. ஒரு கல்யாணப் பந்தியில் பங்காளி ஒருவர் வாப்பாவைப் பார்த்து, “இவரு கப்பல்ல வந்த சரக்கோட புள்ள. யாரு ஏத்துன சரக்குன்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம்” என்றாராம். வாப்பா சோற்றில் வைத்த கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. அதன்பிறகு அந்த ஊரில் ஒரு வேளை சாப்பிட்டதில்லை. இந்த வரைபடம் அந்தப் பந்திக்கான பதில்.

அவரிடம் இருக்கும் சான்றுகளைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பியிருக்கிறார். சேகு மீரான் அப்பாவின் கப்பல் புத்தகம். அதில் முதல் பயணம் 1911 மார்ச், கல்கத்தாவிலிருந்து. கரீம் அப்பாவின் பள்ளிக்கூட சர்டிபிகேட். அதில் பிறந்த தேதி 1912 ஜூன் 1. “கச்சிதமா பொருந்துது பாரு” என்றார். ஜூன் 1 என்றதும் எனக்குச் சிரிப்பு. நானும் பேப்பரில் ஜூன் 1-தானே. நிஜமாக அக்டோபரில் பிறந்தவளுக்கு வருடா வருடம் பல் டாக்டர் ஆபீஸிலிருந்து ஜூனில் வாழ்த்து வருகிறது.

கப்பல் புத்தகத்தில் அவர் தங்கிய தெருவின் பெயர் இருக்கிறது. அந்தத் தெரு எந்தத் தேவாலயத்தின் பங்கைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். ஞானஸ்நானம், அடக்கம் எல்லாவற்றின் பதிவேடுகளும் இப்போது அங்கே ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எழுதியிருக்கிறேன். பொறு.

அன்புடன்,
ருக்ஸானா

*

வெஸ்ட் வின்ட்சர்
பிப்ரவரி 15, 2025

அன்புள்ள ரஹ்மத்,

ஸலாம். எல்லாரும் நலம்தானே? இங்கே மூன்று நாளாகப் பனி. டிரைவ்வேயை மச்சான் இரண்டு தடவை வாரினார், மறுபடி மூடிவிட்டது. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் எல்லாம் தாமதம். பின்கட்டில் மான்கள் வந்து நிற்கின்றன, தின்ன ஒன்றுமில்லை பாவம். இவ்வளவு பனி நான்கு வருடமாகப் பார்க்கவில்லை.

காப்பகத்திலிருந்து இன்னும் உருப்படியாக எதுவும் வரவில்லை. பழைய பதிவேடுகள், எழுத்தும் மங்கல். கிடைக்காமலும் போகலாம். வாப்பாவிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்.

நோன்பு நெருங்குகிறது. கஞ்சிக்கு அரிசி வாங்கிவிட்டாயா?

ருக்ஸானா

*

சுகர் லேண்ட்
பிப்ரவரி 24, 2025

ராத்தா,

ஸலாம். நாங்கள் நலம். கஞ்சிக்கு அரிசி இருக்கிறது.

நீ பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோது உம்மாவிடம் ஒரு மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினாய். நான் மறக்கவில்லை. உன் கடிதத்தில் முக்கால்வாசி பனி. மான் வேறு.

என்ன கிடைத்தது?

ரஹ்மத்

*

வெஸ்ட் வின்ட்சர்
மார்ச் 4, 2025

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். நோன்பு உங்கள் எல்லாருக்கும் இலேசாகப் போகட்டும். வாப்பா எண்பத்தொரு வயதிலும் விடாமல் நோன்பு வைக்கிறாரா?

என்னைக் கண்டுபிடித்துவிட்டாய். சொல்கிறேன்.

ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கம் கிடைத்தது. 1910 அக்டோபர் 16. குழந்தை ஆல்ஃபிரட், பிறந்தது அதே வருடம் ஆகஸ்ட். தாய் எலன், துணி ஆலைத் தொழிலாளி, திருமணமாகாதவர். தகப்பன் பெயருக்கு ஒரு கட்டம். அதில் ஒன்றுமில்லை. பாதிரியார் மற்ற கட்டங்களை எல்லாம் அழகாக நிரப்பியிருக்கிறார். அந்தக் கட்டத்தில் பேனா பட்ட அடையாளமே இல்லை.

1910 ஆகஸ்டில் பிறந்த பிள்ளை. சேகு மீரான் அப்பா முதன்முதலில் கப்பல் ஏறியது 1911 மார்ச். நீயே எண்ணிக்கொள். அந்தக் கப்பல் புத்தகம் இரண்டாவதாக இருக்கலாம், முதல் புத்தகம் தொலைந்திருக்கலாம் என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன்.

பிறகு அடக்கப் பதிவேடு வந்தது. எலன், வயது இருபத்தாறு, 1914 பிப்ரவரி. ஓரத்தில் பாதிரியார் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறார்: ‘உறவினர் எவரும் முன்வரவில்லை. இறந்தவரின் மகனை, அதே வீட்டில் குடியிருந்த மீரான் என்னும் இந்திய மாலுமி தம் பொறுப்பில் ஏற்றுக் கொண்டுசென்றார்.’

கணவர் என்று இல்லை. தகப்பன் என்றும் இல்லை. குடியிருந்தவர்.

பிப்ரவரி முதல் வாரமே இதெல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வருடமாக ஒரு மனிதர் அந்தப் பங்காளிக்குப் பதில் தேடுகிறார். பதில் அந்தப் பங்காளி பக்கம் இருக்கிறது. இதை எப்படிச் சொல்வேன்? பதிவேடு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். கோடு பென்சிலிலேயே இருக்கட்டும். அவர் நிம்மதியாக இருப்பார்.

ருக்ஸானா

*

சுகர் லேண்ட்
மார்ச் 11, 2025

ராத்தா,

ஸலாம். வாப்பா நோன்பு விடவில்லை. நேற்றுக் கஞ்சியில் உப்பில்லை என்று திட்டும் தெம்பு இருக்கிறது. நலம் என்றே வைத்துக்கொள்.

உன் கடிதத்தைக் கிளினிக் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. ‘தம் பொறுப்பில் ஏற்று.’ பதினான்கு மாதக் குழந்தையைக் கோர்ட்டில் என் கையில் கொடுத்தபோது ஜட்ஜ் என்னிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைதான்.

அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்பு. நோன்பு திறக்க எல்லாரும் உட்காரும்போது மேஜையில் வைக்கப் போகிறேன். “வாப்பா, உங்க வாப்பாவும் எடுத்து வளர்த்த பிள்ளைதான். வம்சம் வேறயா? இப்ப சொல்லுங்க” என்று கேட்கப் போகிறேன்.

அவர் நிம்மதி, அவர் நிம்மதி என்கிறாய். என் மகள் இரண்டு மாதமாக அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவள் நாற்காலி எப்போதும் எதிர்ப்பக்கம் இருந்தது. அவளாகவே மாற்றிக்கொண்டாள். உனக்கு அங்கே மான் தெரிகிறது. எனக்கு இங்கே அவள் முதுகு தெரிகிறது.

அனுப்பு.

ரஹ்மத்

*

வெஸ்ட் வின்ட்சர்
மார்ச் 24, 2025

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். பெருநாள் நெருங்கிவிட்டது. ஆஸிபாவுக்குத் துணி எடுத்துவிட்டாயா? எல்லாரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

உன் கடிதத்துக்கு நான்கு பதில் எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் உன்னைத் திட்டியிருந்தேன். மகளுக்காக வாப்பாவை அடிக்கப் பார்க்கிறாய் என்று. நான்காவதில் என்னைப் பற்றி எழுத வேண்டி வந்தது. அதையும் கிழித்துவிட்டேனே என்று இப்போது திரும்ப எழுதுகிறேன்.

நான் மறைத்தது வாப்பா மேல் உள்ள மரியாதையால் இல்லை. பயத்தால். அவர் கோடு இழுக்கும்போது கை நடுங்கி நான் பார்த்ததில்லை. அதை நடுங்க வைத்தவள் நானாக இருக்கக் கூடாது என்று பார்த்தேன். நல்ல பெயர் எனக்கு இருக்கட்டும், உண்மையோடு ஒரே வீட்டில் குடியிருப்பது நீயாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இன்னொன்று. உம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அவர் அட்டியலை என் மகளுக்கு என்று கேட்டு வாங்கினேன், நினைவிருக்கிறதா? நீ ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக் கொடுத்தாய். ஆஸிபாவுக்கு அப்போது ஆறு வயது. உம்மாவுக்கு இன்னொரு பேத்தி இருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றி மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. தோன்றவே இல்லை. வாப்பாவாவது பென்சிலில் எழுதினார்.

இரண்டு பக்கங்களின் நகலும் இதனுடன் இருக்கின்றன. காட்டு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று: ஆஸிபா முன்னால் வேண்டாம். தன்னால்தான் அவர் தலை குனிந்தார் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

அன்புடன்,
ருக்ஸானா

*

சுகர் லேண்ட்
ஏப்ரல் 4, 2025

ராத்தா,

ஸலாம். ஈத் முபாரக்.

இன்று கிளினிக்குக்கு உன் கவர் வந்தது. உள்ளே பிறை படம் போட்ட வாழ்த்து அட்டை. ‘அன்புள்ள வாப்பாவுக்கு, பெருநாள் வாழ்த்துகள், தங்கள் துஆவை நாடும் மகள் ருக்ஸானா’ என்று எழுதியிருக்கிறாய்.

அப்படியானால் எனக்கு எழுதியது எங்கே?

பெருநாளுக்கு அடுத்த நாள் வாப்பா மெயில்பாக்ஸிலிருந்து ஒரு கவரோடு வந்தார். “யார் வாப்பா?” என்று கேட்டேன். “ருக்ஸானா. வாழ்த்து” என்றார். அறைக்குள் போனார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குத்தான் வெளியே வந்தார். டீ குடித்தார்.

அந்தக் கவரில் என்ன எழுதியிருந்தாய்? உடனே எழுது. போன் பண்ணாதே. அவர் பக்கத்திலேயே இருக்கிறார்.

ரஹ்மத்

*

வெஸ்ட் வின்ட்சர்
ஏப்ரல் 9, 2025

ரஹ்மத்,

ஸலாம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இரண்டு கவரையும் ஒரே மேஜையில் வைத்து ஒட்டினேன். ஆயிரம் பக்கத்தில் ஒரு தேதி மாறினாலும் பிடிப்பவள் என்று ஆபீஸில் எனக்குப் பெயர்.

எல்லாம் எழுதியிருந்தேன். இரண்டு நகலும் உள்ளே. நீ மேஜையில் வைத்துக் கேட்கப் போவது, அவர் கை நடுங்குமே என்று நான் பயந்தது, உம்மாவின் அட்டியல். எல்லாம்.

ஞாயிறு போனில் என்னிடம் வழக்கம்போல, “சாப்பிட்டியா? அங்கே குளிர் விட்டுச்சா?” என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு போனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் எப்படி இருக்கிறார்? தினமும் எழுது.

ருக்ஸானா

*

சுகர் லேண்ட்
மே 12, 2025

ராத்தா,

ஸலாம். தினமும் எழுதச் சொன்னாய். எழுத எதுவும் நடக்கவில்லை, அதுதான் ஒரு மாதம் ஆகிவிட்டது. உடம்புக்கு எல்லாரும் நலம்.

சுவரில் வரைபடம் இல்லை. ஏப்ரல் ஐந்தாம் தேதி காலையில் பார்த்தேன், நான்கு மூலையிலும் டேப் ஒட்டிய தழும்புதான் இருந்தது. ஆஸிபா நாற்காலியைப் பழைய பக்கம் மாற்றவில்லை. நாங்கள் நான்கு பேரும் உப்பு, தண்ணீர், கதவு பூட்டியாச்சா என்று பேசிக்கொள்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை ஃப்ரீவேயில் மாட்டி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தேன். வாப்பா மேஜையில் என் ஃபைல் திறந்து கிடக்கிறது. ஆஸிபாவின் கோர்ட் உத்தரவு, புதிய பிறப்புச் சான்று எல்லாம். பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். “யாரைக் கேட்டு எடுத்தீங்க?” என்று கத்தினேன். ஆஸிபா, “உம்மா, ஹி ஆஸ்க்ட் மீ. ஐ கேவ் இட் டு ஹிம்” என்றாள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. “படிச்சு முடிக்கல. கொஞ்சம் இரு” என்றார்.

கொஞ்சம் இரு! பதினொரு வயதுப் பிள்ளையிடம் உன் பேப்பர் எங்கே என்று கேட்டிருக்கிறார். போலீஸ் கேட்பதுபோல. எதில் குறை கண்டுபிடிக்க என்று எனக்குத் தெரியும். தன் வாப்பாவுக்கு இல்லாதது இவளுக்கும் இருக்கக் கூடாது என்று பார்க்கிறார்.

என்னால் முடியவில்லை ராத்தா. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் வாப்பாவை உன் வீட்டுக்கு அழைத்துக்கொள். எத்தனை நாளுக்கு என்று கேட்காதே. டிக்கெட் போடு.

ரஹ்மத்

*

வெஸ்ட் வின்ட்சர்
மே 19, 2025

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். உன் மேல் ஒரு வருத்தமும் இல்லை. ஒன்பது வருடம் நீ பார்த்தாய், இனி நான் பார்க்கிறேன். ஜூன் 14, சனிக்கிழமை, ஹூஸ்டனிலிருந்து நேராக நியூவர்க். மாடியேற முடியாது, கீழ் அறையை ஒழித்து வைக்கிறேன். மேஜை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன், அவர் வரைவதற்கு வெளிச்சம் வேண்டும். வரைவாரா என்று தெரியவில்லை.

வாப்பாவிடம் நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

ருக்ஸானா

*

786

சுகர் லேண்ட்
ஜூன் 1, 2025

அன்பு மகள் ருக்ஸானாவுக்கு வாப்பா எழுதுவது. அல்லாஹ்வின் சாந்தி உன் வீட்டில் இறங்கட்டும். மருமகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஸலாம். என் முழங்கால் தேவலை.

இன்று உன் பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பெருநாள் கவரின் மேல் என் பெயர், உள்ளே ‘அன்புத் தங்கைக்கு’ என்று இருந்தது. முதல் வரியிலேயே மடித்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அது என் தப்பு. ஏழு தடவை படித்தேன்.

பாதிரியாரின் தேதியையும் கப்பல் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கணக்கு நீ சொன்னதுதான். கரீம் வாப்பா பிறந்தது 1912 ஜூன் 1 என்று மையால் எழுதியிருந்தேன் அல்லவா? ஆதாரம் பள்ளிக்கூட சர்டிபிகேட். நம் பக்கத்தில் பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் தேதி கேட்பார். ஜூன் ஒன்று என்று போட்டுக்கொள்ளச் சொல்வோம், வயதையும் ஒன்றிரண்டு குறைப்போம். உனக்கும் ரஹ்மத்துக்கும் நானே அப்படித்தான் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். மூன்று தலைமுறை ஒரே தேதியில் பிறந்திருக்கிறது. அதை எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை என்றா நினைக்கிறாய்? உறைத்தது. 1912 வசதியாக இருந்தது, எழுதினேன். என் விதியை நானே ஏமாற்றினேன்.

அதனால் படத்தைக் கழற்றிப் புதுத் தாளில் மறுபடி வரைந்தேன். உச்சியில் சேகு மீரான், மையில். கப்பல் புத்தகம் இருக்கிறது. அதற்குக் கீழே என் வாப்பா, நான், நீங்கள் இருவர், எல்லாரும் பென்சில். ஒருவர் தேதியும் நிற்காது, பாதிரியாரின் பதிவேட்டில் என் வாப்பாவுக்கும் பிறந்த மாதம்தான் இருக்கிறது, நாள் இல்லை. கடைசி வரிசையில் உன் பிள்ளைகள் இருவரும் மை. பக்கத்தில் ஆஸிபாவும் மை. அதே பேனா, அதே தடிமன். அவள் பிறந்த நிமிடம் வரை அந்த ஃபைலில் இருக்கிறது. உத்தரவில் முத்திரை இருக்கிறது. ரஹ்மத் அதை முதலிலேயே காட்டியிருந்தால் என்று எழுத வந்தேன். நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் எழுதினேன்.

பெற்றவரை மறைக்கக் கூடாது என்பது மார்க்கம். மறைக்கவில்லை. ஆஸிபாவின் கோட்டருகே ‘எடுத்து வளர்த்தது, கோர்ட் உத்தரவுப்படி’ என்று குறித்தேன். சேகு மீரானுக்கும் என் வாப்பாவுக்கும் இடையிலுள்ள கோட்டருகே ‘எடுத்து வளர்த்தது’ என்று மட்டும் குறித்தேன். அந்தக் கோட்டை மூன்று தடவை அழித்துப் போட்டேன், தாள் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. எலனின் பெயரும் இருக்கிறது. இதுவரை எந்தப் படத்திலும் அவரை நான் எழுதியதில்லை.

கை நடுங்குமே என்று பயந்தாய். நடுங்கியது. அதனால்தான் இரண்டு மாதம் ஆயிற்று.

முதல் பிரதி நாகூருக்கு, அந்தப் பங்காளி வீட்டுக்குப் போகிறது. அவர் இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள். படிக்கட்டும்.

டிக்கெட் போட்டிருப்பது எனக்குத் தெரியும். ஐபேடில் வந்தது. ரத்து செய்யாதே, வருகிறேன். ஆனால் திரும்பி வரவும் ஒன்று போடு, உன் தங்கையிடம் நேற்றுப் பேசிவிட்டேன். முதலில் கத்தினாள், பிறகு கஞ்சி வைத்தாள். ஆஸிபாவும் என்னோடு வருகிறாள். அவளுக்கு உம்மாவின் அட்டியலைக் காட்டு. அதற்கு மேல் நீயும் உன் மகளும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிரதி ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன். வலது கீழ் மூலையைப் பார். ஆபீஸ் படம் எதுவும் அந்த மூலையில் இரண்டு கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. முதல் வரி என்னுடையது. வரைந்தது: அபுதாஹிர். அடுத்த வரிக்கு ஒரு நாள் முழுக்கப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, நான் இரண்டு இடத்தில் தப்பு விட்டிருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னாள். திருத்திய பிறகுதான் போட்டாள். தமிழ் ஸ்கூல் கையெழுத்து, கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

சரிபார்த்தது: ஆஸிபா.

தன் பேனாவிலேயே போட்டாள்.

துஆவுடன்,
உன் வாப்பா